பூனை காப்பாற்றிய ரயிலா? கொஞ்சம் கணக்கைப் பார்ப்போம்

ஜப்பானில் ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பூனைதான் ஸ்டேஷன் மாஸ்டர் என்கிற செய்தி உங்களுக்கும் ஒரு தடவையாவது ஃபார்வேர்டாக வந்திருக்கும். தலையில் குட்டித் தொப்பி, கழுத்தில் பேட்ஜ், "டிக்கெட் எங்கே?" என்று கேட்காமல் கேட்கிற ஒரு பார்வை. கூடவே நாலு வரி எழுதியிருப்பார்கள். நஷ்டத்தில் மூடப்போன ரயில் பாதையை ஒரு பூனை காப்பாற்றிவிட்டது, அன்பு இருந்தால் எதுவும் நடக்கும், இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் இத்யாதி.

பூனை நிஜம். தொப்பியும் நிஜம். 'காப்பாற்றியது' என்கிற அந்த ஒரு வினைச்சொல்லோடுதான் எனக்குச் சண்டை. காஸ்ட் அக்கவுண்டிங் படித்துத் தொலைத்த பாவத்துக்கு, ஒரு கம்பெனி பிழைத்தது என்று யாராவது சொன்னால் "எந்தப் பணத்தில்?" என்று கேட்கத் தோன்றிவிடுகிறது. அப்படிக் கேட்டுக்கொண்டே போனதில் கிடைத்த கதை பூனைக் கதையைவிட எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

முதலில் இடம். வகயாமா என்பது ஒசாகாவுக்குத் தெற்கே இருக்கும் மாகாணம். அதன் தலைநகரான வகயாமா நகரத்தின் ஸ்டேஷனிலிருந்து கிழக்குப் பக்கமாக ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு பாதை கிளம்பும். பெயர் கிஷிகவா லைன். மொத்தமே 14.3 கிலோமீட்டர், 14 ஸ்டேஷன்கள். கடைசி ஸ்டேஷன் கிஷி. ஒரே ஒரு பிளாட்பாரம், ஒரே ஒரு தண்டவாளம், அதோடு பாதை முடிந்தது. இரண்டு பெட்டி ரயில் அரைமணி நேரத்தில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்துவிடும். கண்டக்டர் கிடையாது. டிரைவரே எல்லாம். ஆள் இல்லாத ஸ்டேஷனில் ஏறினால் ஒரு சீட்டைக் கிழித்துக்கொண்டு உட்கார வேண்டியது, இறங்கும்போது டிரைவருக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் காசைப் போட வேண்டியது. ரயில் ரூபத்தில் ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதை 1916இல் ஆரம்பித்தது. வழியில் இருக்கும் மூன்று பழைய ஷின்டோ கோயில்களுக்குப் போகிறவர்களுக்காகப் போட்டது. கிஷி வரைக்கும் நீண்டது 1933இல். கை மாறிக் கை மாறி 1961இல் ஒசாகாவின் பெரிய தனியார் ரயில் கம்பெனிகளில் ஒன்றான நன்காயிடம் வந்து சேர்ந்தது. நன்காயின் மற்றப் பாதைகள் எதோடும் இது ஒட்டவில்லை. தனித் தீவு மாதிரி. 1974இல் வருஷத்துக்குச் சுமார் 36 லட்சம் பேர் பயணம் செய்திருக்கிறார்கள். அப்புறம் வீட்டுக்கு வீடு கார் வந்தது. 2005இல் அந்த எண்ணிக்கை சுமார் 19 லட்சம். வருஷ நஷ்டம் ஏறக்குறைய 50 கோடி யென். வகுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஆள் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் கம்பெனிக்குச் சுமார் 260 யென் கைவிட்டுப் போகிறது. (டிக்கெட் காசை வாங்கிய பிறகும்!) எந்த முதலாளி தாங்குவார்?

இங்கே சட்டத்தில் நடந்த ஒரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் ஜப்பானில் ஒரு ரயில் பாதையை மூட வேண்டுமென்றால் அரசாங்கம் அனுமதி கொடுக்க வேண்டும். 2000இல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அனுமதி வேண்டாம், ஒரு வருஷம் முன்னாடி அறிவித்தால் போதும். 2004 செப்டம்பரில் நன்காய் அந்த அறிவிப்பைக் கொடுத்துவிட்டது. ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை கடிகாரம் ஓட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். தாமா என்கிற பூனை அப்போது அந்த ஸ்டேஷனை ஒட்டிய பெட்டிக்கடைக்காரரின் சாதாரணப் பூனை. அதற்கு ஐந்து வயசு. எதையும் காப்பாற்றும் உத்தேசம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை :-)

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் ஃபார்வேர்டில் வராத பகுதி. ஒரு சங்கம் அமைத்தார்கள். வருஷச் சந்தா ஆயிரம் யென். ஆறாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஆறாயிரம் பேர் ஆயிரம் யென் என்றால் 60 லட்சம் யென், 50 கோடி நஷ்டத்துக்கு முன்னால் அது சுண்டைக்காய். ஆனால் அந்தப் பணத்தைப் பணமாகப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். சும்மா கையெழுத்துப் போடுகிறவன் வேறு, பர்ஸைத் திறக்கிறவன் வேறு. ஆறாயிரம் பேர் பர்ஸைத் திறந்தால் மேயரும் கவுன்சிலர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதைவிட என்னை அசத்தியது இன்னொன்று. ஊர்க்காரர்கள் பக்கத்திலிருந்தே ஒரு செலவு-பயன் அறிக்கை தயாரித்து 2005 ஜனவரியில் வெளியிட்டார்கள். அதாவது ரயில் நின்றால் பஸ் விட வேண்டும், ரோட்டில் நெரிசல் கூடும், பயண நேரம் கூடும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை அப்பா அம்மா காரில் கொண்டுவிட வேண்டும். இதையெல்லாம் பணமாக்கிக் கணக்குப் போட்டு, ரயிலை ஓட்டுவதால் சமூகத்துக்கு வரும் பயன் செலவைவிட அதிகமா குறைவா என்று பார்ப்பது. இது நமக்கு எக்கனாமிக்ஸ் பேப்பரில் எட்டு மார்க் கேள்வி. 'எக்ஸ்டர்னாலிட்டி என்றால் என்ன, விளக்குக'. நாம் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்ததை அவர்கள் தங்கள் ரயிலுக்காகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் டிக்கெட் வருமானம் மட்டும்தான் வரும். ரயிலால் ஊருக்கு மிச்சமாகும் நேரமும் பெட்ரோலும் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. யாராவது எடுத்து எழுதினால்தான் உண்டு.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? இதோ. தண்டவாளம் கிடக்கும் நிலத்தை வகயாமா நகரமும், அதன் பக்கத்து ஊரான கிஷிகவாவும் (2005இல் கினோகவா நகரத்தோடு இணைந்துவிட்டது) வாங்கிக்கொள்வது, அதற்கான காசை மாகாண அரசு கொடுப்பது. நடத்தப்போகும் கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் பத்து வருஷத்துக்கு மொத்தம் 8.2 கோடி... இல்லை இல்லை, 82 கோடி யென் வரைக்கும் (மில்லியனைக் கோடியாக்கும்போது ஒரு சைபர் எப்போதும் காலை வாரிவிடும்) இரண்டு நகராட்சிகளும் ஈடு செய்வது. பெரிய ரிப்பேர் செலவுக்கு 24 கோடி யென் வரைக்கும் மாகாணம் தருவது. இந்த ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு "யார் நடத்த வருகிறீர்கள்?" என்று பொது அழைப்பு விட்டார்கள்.

வந்தது ஒகயாமா டிராம் கம்பெனி. அவர்கள் ஊரில் அவர்கள் நடத்துவது ஐந்து கிலோமீட்டர்கூட இல்லாத டிராம் பாதை. அந்தக் குழுமத்தின் தலைவர் மிட்சுனோபு கொஜிமா. சொத்து அரசாங்கத்துடையது, நடத்துவது தனியார் என்று தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 'வகயாமா எலெக்ட்ரிக் ரயில்வே' என்று புதுக் கம்பெனி ஆரம்பித்து, 2006 ஏப்ரல் 1இல் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். கம்பெனி, நகராட்சி, ஊர்க்காரர்கள், பள்ளிகள் என எல்லோரும் உட்கார்ந்து பேசுகிற ஒரு நடத்துகுழுவும் உண்டு.

இப்போது மறுபடியும் வகுத்தல். 82 கோடியைப் பத்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 8.2 கோடி. 21 லட்சம் பயணத்துக்கு என்றால் ஒரு பயணத்துக்குச் சுமார் 40 யென். முன்பு 260. இந்த 40 யென் என்பதும் உச்சவரம்புதான். பூனை வருவதற்கு முன்னாலேயே, காகிதத்தில், நோயாளி ஐசியுவிலிருந்து வார்டுக்கு வந்தாயிற்று.

அப்படியானால் பூனை எங்கே வருகிறது என்கிறீர்களா? இங்கேதான் கதையின் ருசியான முடிச்சு. தாமாவும் அதன் கூட்டாளிகளும் தங்கியிருந்த பூனைக் குடில் ஸ்டேஷன் நிலத்தில் இருந்தது. ரயிலைக் காப்பாற்ற நிலத்தைப் பொதுச் சொத்தாக மாற்றினார்கள் அல்லவா? பொது நிலத்தில் பூனைக் குடிலுக்கு இடமில்லை, எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் புது ரயில் கம்பெனியின் தலைவரிடமே போய், இந்தப் பூனைகளை ஸ்டேஷனில் தங்கவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார். கொஜிமா தாமாவைப் பார்த்தார். 2007 ஜனவரி 5இல் நியமன ஆணை. பதவி ஸ்டேஷன் மாஸ்டர், சம்பளம் பூனைத் தீனி. இன்னும் இரண்டு பூனைகளுக்கு உதவி ஸ்டேஷன் மாஸ்டர் வேலை. ஆக, ரயிலைப் பூனை காப்பாற்றுவதற்கு முன்னால், ரயிலைக் காப்பாற்றிய அதே ஏற்பாடு பூனையின் வீட்டைப் பிடுங்கியிருக்கிறது. வீடிழந்த பூனைக்குத்தான் வேலை கிடைத்தது.

தாமா கூட்டம் சேர்த்ததை நான் மறுக்கவே இல்லை. ஒசாகாவிலிருந்து வந்தார்கள், அப்புறம் ஹாங்காங், தைவானிலிருந்து வந்தார்கள். 2008இல் மாகாண ஆளுநர் அதற்கு வீரப்பட்டம் மாதிரி ஒன்று கொடுத்தார். 2010இல் கம்பெனியின் நிர்வாக அதிகாரிகளில் ஒருவராக, அதாவது ஒன்றாக, பதவி உயர்வு. அதே வருஷம் ஆகஸ்டில் கிஷி ஸ்டேஷனையே பூனை முகம் மாதிரி இடித்துக் கட்டினார்கள். மேலே ஹினோகி மரப்பட்டையால் வேய்ந்த கூரை, அதில் இரண்டு காதுகள். வடிவமைத்தவர் எய்ஜி மிட்டோகா. பாதையின் விசேஷ ரயில்களும் அவர் கைவண்ணம்தான். கிஷிகவா பக்கம் ஸ்ட்ராபெர்ரி பிரசித்தம் என்பதால் 2006இல் ஸ்ட்ராபெர்ரி ரயில், 2007இல் பொம்மை ரயில், 2009இல் உடம்பெல்லாம் பூனைப் படம் போட்ட தாமா ரயில். பழைய பெட்டிகளையே புதுப்பித்தார்கள். அந்தச் செலவுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களைப் பெட்டிக்குள் எழுதி வைத்தார்கள்.

ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். 2006 ஏப்ரல் முதல் 2007 மார்ச் வரையிலான முதல் நிதியாண்டிலேயே பயணிகள் சுமார் 10 சதவீதம் கூடிவிட்டார்கள். அந்த வருஷத்தில் தாமா தொப்பி போட்டிருந்தது கடைசி மூன்று மாதம்தான். ரயிலில் ஏறிக் காட்டி ரயிலைக் காப்போம் என்று ஊர்க்காரர்கள் கோஷம் போட்டதோடு நிற்காமல் நிஜமாகவே ஏறியிருக்கிறார்கள். ஸ்ட்ராபெர்ரி ரயிலும் தன் பங்குக்கு இழுத்திருக்கும். 2015 வாக்கில் எண்ணிக்கை சுமார் 23 லட்சம். நல்ல ஏற்றம், சந்தேகமில்லை. இருந்தாலும் 1974இன் 36 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அடுத்து அந்தப் புகழ்பெற்ற 110 கோடி யென். கன்சாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், தாமாவால் 2007ஆம் நிதியாண்டில் வந்த பொருளாதாரப் பலன் சுமார் 110 கோடி யென் என்று 2008இல் மதிப்பிட்டார். "பூனை 110 கோடி சம்பாதித்தது" என்று பத்திரிகைகள் எழுதின. இது வேறு, அது வேறுங்க. 'பொருளாதாரப் பலன்' என்பதில் டிக்கெட் மட்டுமில்லை, வந்தவர்கள் சாப்பிட்டது, பொம்மை வாங்கியது, புகைப்படப் புத்தகம், டிவியில் வந்ததன் விளம்பர மதிப்பு, அதனால் இன்னொருவருக்குக் கிடைத்த வருமானம் எல்லாம் சேரும். அது மாகாணம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பணம். ரயில் கம்பெனியின் கல்லாவுக்கு வந்தது அதில் ஒரு சிறு பகுதிதான். கல்லாவுக்கு 110 கோடி வந்திருந்தால் 2016இல் நகராட்சிகளும் மாகாணமும் எதற்காக அடுத்த பத்து வருஷத்துக்கு உதவியைப் புதுப்பிக்க வேண்டும்?

எனக்குக் கொஞ்சம் உறுத்தலான விஷயம் ஒன்று இருக்கிறது. கிஷி ஸ்டேஷனுக்கு ஏன் ஒரு பூனை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக முடிந்தது? அந்த நாற்காலி காலியாக இருந்ததால். செலவைக் குறைக்க 2006 ஏப்ரலில் ஸ்டேஷனிலிருந்து மனிதர்களை எடுத்துவிட்டார்கள். டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை, "அடுத்த ரயில் எப்போ தம்பி?" என்று பாட்டி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த இடத்தில் பூனை உட்கார்ந்தது. தொப்பி போட்ட பூனையின் படத்தைப் பார்த்து நாம் சிரிக்கும்போது, சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாமல் போன ஒரு மனிதர் அந்தப் படத்துக்கு வெளியே நிற்கிறார். இதற்காகக் கம்பெனியைத் திட்டவில்லை. 260 யென்னை 40 ஆக்க வேண்டுமென்றால் எங்கேயோ வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டியதை மறைத்துவிட்டு 'அன்பு வென்றது' என்று சொன்னால் எப்படி?

ஜப்பான் ரயில் என்றாலே நம் ஆட்களுக்கு இந்த வியாதி உண்டு போல. இன்னொன்றும் வந்திருக்குமே, ஹொக்கைடோவில் ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஸ்டேஷனைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று. 2016 ஜனவரியில் உலகம் முழுக்கச் சுற்றியது. பாதிப் பேர் ஸ்டேஷன் பெயரையே காமி-ஷிரதாகி என்று தப்பாகப் போட்டார்கள், அந்த மாணவி ஏறியது க்யூ-ஷிரதாகியில். இரண்டும், பக்கத்திலிருந்த ஷிமோ-ஷிரதாகியும் 2016 மார்ச் 26 அன்று ஒன்றாக மூடப்பட்டன. ஜப்பானில் வருஷா வருஷம் மார்ச் மாதத்தில்தான் ரயில் கால அட்டவணை மாறும். பள்ளிக்கூட வருஷமும் அதே மாதம்தான் முடியும். இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததை வைத்து உலகம் கண்ணீர் விட்டது. மூன்று கிராம ஸ்டேஷன்கள் ஒரே நாளில் செத்துப்போன செய்தி, நெகிழ்ச்சிச் செய்தியாக ஃபார்வேர்டு ஆனது.

இந்தக் கதையைச் சொன்னபோது நம் வகுப்பு நண்பன் கேட்டான். "மச்சி, வருஷா வருஷம் வரிப்பணத்தை ஊத்தித்தான் ஓட்டணும்னா அது பிழைச்சதா அர்த்தமா? மூடிட்டு பஸ் விட்டா என்ன?" நியாயமான கேள்விதான். பதிலுக்கு நான் கேட்டது: ரோடு லாபத்தில் ஓடுகிறதா? எந்த ஊரிலாவது முனிசிபாலிட்டி ரோட்டுக்குத் தனியாக லாப நஷ்டக் கணக்குப் போட்டு, நஷ்டம் என்று ரோட்டை மூடியிருக்கிறார்களா? ரோட்டை ஊர் போடுகிறது, அதில் பஸ்காரர் பஸ்ஸை மட்டும் ஓட்டுகிறார். ரயில் கம்பெனிக்கு மட்டும் தண்டவாளம், நிலம், சிக்னல், துணை மின்நிலையம் எல்லாம் சொந்தச் செலவு. கிஷிகவாவில் அந்த ஓரவஞ்சனையைக் கொஞ்சம் சரிசெய்தார்கள், அவ்வளவே. நிலம் ஊருடையது, பெரிய ரிப்பேர் மாகாணத்துடையது, ஓட்டுவது கம்பெனி. பஸ்ஸைப் பொறுத்தவரை, நெரிசல் நேரத்தில் இரண்டு பெட்டி நிறையப் பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்ற எத்தனை பஸ், எத்தனை டிரைவர் வேண்டும் என்று கணக்குப் போட்டால் நண்பனுக்கே சிரிப்பு வரும். (இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கேன்டீனில் விவாதம் தொடர்கிறது.)

ஃபார்வேர்டு மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அதை நம்பினால் ஆபத்து இருக்கிறது. ஜப்பானில் இன்னும் எத்தனையோ கிராமப் பாதைகள் மூடும் நிலையில் இருக்கின்றன. தாமாவைப் பார்த்து வேறு ஊர்களிலும் ஸ்டேஷனுக்கு விலங்குகளை நியமித்தார்கள். ஃபுகுஷிமா மாகாணத்தில் அய்சு ரயில்வேயின் அஷினோமகி ஒன்சென் ஸ்டேஷனில் 2008இல் 'பஸ்' என்று ஒரு பூனை கௌரவ ஸ்டேஷன் மாஸ்டர் ஆனது (ரயில்வே பூனைக்குப் பஸ் என்று பெயர்!). நல்ல விஷயம்தான், நாலு பேர் வருவார்கள். ஆனால் ஒரு ஊர் தன் ரயிலைக் காப்பாற்ற உட்காரும்போது முதல் கேள்வி "நமக்கு ஒரு பூனை கிடைக்குமா?" என்று இருந்தால் அந்த ஊர் தொலைந்தது. நிலம் யார் பெயரில், நஷ்டத்தை யார் எத்தனை வருஷத்துக்கு ஏற்பது, எத்தனை பேர் பர்ஸைத் திறப்பார்கள் என்பதுதான் முதல் மூன்று கேள்விகள். இவற்றுக்குப் பதில் இருந்தால் பூனை போனஸ். பதில் இல்லையென்றால் பத்துப் பூனை வந்தாலும் சனி ஞாயிறு கூட்டம் மட்டும்தான் மிஞ்சும். சுற்றுலாக் கூட்டத்தை நம்ப முடியாது என்பதை 2020இல் கொரோனா காட்டிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் ஒரே மாதத்தில் காணாமல் போனார்கள், பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும்தான் மிச்சம்.

தாமா 2015 ஜூன் 22 அன்று இறந்துபோனது, 16 வயசு. ஷின்டோ முறைப்படி நடந்த இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். இப்போது கிஷி பிளாட்பாரத்திலேயே அதற்கு ஒரு குட்டிக் கோயில் இருக்கிறது, பக்கத்தில் ஸ்ட்ராபெர்ரிக்கு ஒன்று, பொம்மைக்கு ஒன்று. ஆகஸ்டில் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டராக நிதாமா வந்தது. 'நி' என்றால் ஜப்பானிய மொழியில் இரண்டு.

யாராவது எப்போதாவது ஒசாகா பக்கம் போனால் (வேலை கிடைத்தால் நானே போவேன்) அங்கிருந்து வகயாமாவுக்கு ஜே.ஆர். ரயில் பிடியுங்கள். வகயாமா ஸ்டேஷனில் 9ஆம் எண் பிளாட்பாரம்தான் கிஷிகவா லைன். முடிந்தால் பள்ளி விடும் நேரத்தில் ஏறுங்கள். பூனை தூங்கிக்கொண்டிருக்கும், பரவாயில்லை. யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் எந்தெந்த ஸ்டேஷனில் இறங்குகிறார்கள் என்று பாருங்கள். அப்புறம், சுற்றுலாப் பயணிகள் வாங்கும் ஜே.ஆர். பாஸ் இந்த லைனில் செல்லாது. தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். எடுங்க.